காலை ஆறு மணிக்குக் கட்டும் மதியச் சோறு: பருப்பையும் முட்டையையும் விட்டால் வேறென்ன?

கேள்வி: 12 பெப்ரவரி 2024, பிற்பகல் 5.40

அம்பாறையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து நான்கு மாதமாகிறது. களுதாவளையிலிருந்து ஆறேகாலுக்குப் பஸ் ஏறுகிறேன், சாப்பிடுவது பன்னிரண்டரைக்கு. அங்கே குளிர்சாதனப் பெட்டி இல்லை, சூடாக்க வழியும் இல்லை. நான்கு மாதமாகச் சோறு, பருப்பு, முட்டைப் பொரியல் என்று ஒரே பெட்டியைத்தான் திறக்கிறேன். கடைப் பார்சல் எனக்கு ஒத்துவருவதில்லை. பழுதாகாமல், தினமும் வேறு வேறாக, வீட்டிலேயே சமைத்துக் கொண்டுபோக என்ன செய்யலாம்? ஐந்து நாளுக்கு ஐந்து வகை சொன்னாலும் போதும்.

12 பெப்ரவரி 2024, இரவு 9.15

தங்கச்சி, ஐந்து வகை சொல்வது இலேசு. அந்த ஐந்தும் பன்னிரண்டரைக்கு வாயில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். களுவாஞ்சிகுடியிலிருந்து அம்பாறைக்குப் பதினொரு வருடமாகச் சாப்பாட்டுப் பெட்டியோடு போய்வருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மனைவி ஆசிரியை என்பதால், பிள்ளைகளின் பெட்டிகளை அவரும் எங்கள் இருவரின் பெட்டிகளை நானும் கட்டுவது என்று ஆரம்பத்திலேயே பங்கு பிரித்துக்கொண்டோம்.

என் ஒழுங்கு இது. திங்கட்கிழமை சிவப்பு நாட்டரிசிச் சோறு, தண்ணீர் வற்ற இறக்கிய பருப்பு, மொறுமொறுவென்று பொரித்த நெத்தலிக் கருவாடு. செவ்வாய்க்கிழமை தேசிக்காய்ச் சோறும் அவித்த முட்டையும். புதன்கிழமை தேங்காய் ரொட்டி, அதற்குக் கட்டைச் சம்பல். வியாழக்கிழமை புட்டு, பொரித்த மீன், ஒரு வாழைப்பழம். வெள்ளிக்கிழமை மரக்கறி நாள் என்பதால் சோறு, வினாகிரி விட்ட கத்தரிக்காய் மோயு, வாழைக்காய்ப் பொரியல்.

ஒரே ஒரு சட்டம்: பெட்டிக்குள் போகும் எதிலும் தேங்காய் இருக்கக் கூடாது. வீட்டில் எவ்வளவு ருசியான பால்கறியும் பத்தரை மணிக்கு மேல் எங்கள் ஊர் வெக்கையில் நமக்கு எதிரியாகிவிடும்.

13 பெப்ரவரி 2024, காலை 5.50

ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு நின்றபோதுதான் என் புத்தி உறைத்தது. தேங்காய் கூடாது என்று சட்டம் போட்ட கையாலேயே புதனுக்குத் தேங்காய் ரொட்டியையும் வியாழனுக்குப் புட்டையும் எழுதியிருக்கிறேன். மனைவி இதைப் படித்துவிட்டு, "உங்கள் சட்டத்தில் தேங்காயை எந்தப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

திருத்தம்: கூடாது என்றது தேங்காய்ப்பால். ரொட்டியிலுள்ள தேங்காய்ப்பூ, அதாவது துருவிய தேங்காய், சூடான தாச்சியில் ஈரம் வற்றி வேகிறது. அது மாலை வரையும் தாங்கும். புட்டு ஆவியில் வேகிறது, ஈரம் உள்ளேயே நிற்கும். அதனால் பெட்டிக்குப் போகும் புட்டில் தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். கட்டைச் சம்பலில் செத்தல் மிளகாய், வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு, தேசிப்புளி தவிர வேறொன்றும் இல்லை. தேங்காய்ச் சம்பலை அதற்குப் பதிலாக வைத்தீர்களானால் அது உங்கள் பொறுப்பு.

15 பெப்ரவரி 2024, இரவு 8.30

பால்கறிமேல் எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். காரணம் காரைதீவுச் சந்தி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பூசணிக்காயை முதற்பால் விட்டு, அவியலும் குழைவுமாக வைத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்து, பையின் அடியில் வைத்தேன். அதன்மேல் அன்று கையளிக்க வேண்டிய கோப்பு. கல்முனை வரையும் ஒரு குறையும் இல்லை. காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதிக்குப் பஸ் திரும்புகிற திருப்பத்தில் நின்றுகொண்டிருந்த எல்லாரும் ஒருபக்கம் சாய்ந்தார்கள். என் பையும் சாய்ந்தது. சம்மாந்துறை தாண்டி வயல்வெளிக் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் மடியில் ஏதோ சூடாக இருப்பது தெரிந்தது. கோப்பில் இருந்த கடிதங்களை மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொன்றாகக் காயவைத்துத் திரும்ப அடுக்கினேன். எண்ணெய் ஒருவாறு காய்ந்தது, மஞ்சள் போகவில்லை. அந்தக் கோப்பு இப்போதும் அலுமாரியில் மங்கலகரமாக இருக்கிறது; தேடவேண்டி வந்தால் இலக்கம் பார்க்கத் தேவையில்லை.

அன்றிலிருந்து ஆணம், அதாவது குழம்பு, எதையும் கொண்டுபோவதில்லை. பிரட்டல், பொரியல், சுண்டல், சம்பல் ஆகிய நான்குக்குள்ளேயே என் பதினொரு வருடமும் ஓடியது. குறைவாகத் தோன்றும். ஆனால் சுண்டலுக்கு மட்டும் முருங்கையிலை, பொன்னாங்காணி, வாழைப்பூ, கோவா, போஞ்சி என்று மாற்றினாலே ஒரு கிழமை போய்விடும். கணவாய்ப் பிரட்டல், சோயா மீற் பிரட்டல், உருளைக்கிழங்குப் பிரட்டல் மூன்றையும் ஒரே சரக்கில் செய்தாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

16 பெப்ரவரி 2024, பகல் 1.05

அலுவலகத்தில் ஒரு மைக்ரோவேவ் வாங்கி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று இன்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்தால் முடியும். எனக்கும் சரியாகவே படுகிறது.

19 பெப்ரவரி 2024, இரவு 10.20

மைக்ரோவேவ் பற்றி எழுதியதை அரைவாசி திரும்பப் பெறுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் கறியைப் பற்றிக் கவலைப்படவில்லை. சோற்றைப் பற்றித்தான் கேட்டார். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பசிலஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்திகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு மெல்ல மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடுகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு பின்னர் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. ஆகவே காலையில் தவறிப்போன சோற்றை மதியம் மைக்ரோவேவ் காப்பாற்றாது. சூடான பழுதுச் சோறாக்கித் தரும், அவ்வளவுதான்.

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலான வெப்பநிலையில்தான் இவை செழிப்பாக வளரும் என்றும், சமைத்த உணவை அந்த நிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதே பொது விதி என்றும், 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் அதுவும் ஒரு மணித்தியாலமாகக் குறைகிறது என்றும் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். விதியின்படி பார்த்தால் நாங்கள் இருவரும், தங்கச்சி, கல்முனை பஸ் நிலையத்திலேயே மதியச் சாப்பாட்டை முடித்திருக்க வேண்டும்.

அவரும் சிரித்தார், ஆனால் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆறவிட்டால் கெதியாக ஆறவிட்டு, பெட்டியைக் குளிராகவே வைத்திரு. இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்க வைத்துச் சூடாகவே கொண்டுபோ. இரண்டுக்கும் நடுவில் நிற்காதே என்றார். நான் பதினொரு வருடமும் நின்றது அந்த நடுவில்தான்: சுடுசோற்றைப் பெட்டியில் அள்ளிப் போட்டு உடனே மூடியை அழுத்துவேன். மூடியின் உட்பக்கம் வியர்த்து, அந்த நீர் சோற்றில் சொட்டி, பதினொரு மணிக்கு ஒரு வாடை எழும்பும். அதை அரிசியின் குற்றம் என்று நினைத்து மூன்று கடை மாறியிருக்கிறேன்.

20 பெப்ரவரி 2024, காலை 6.40 (பஸ்ஸில்)

இன்று செய்தது: நாலரைக்கு இருவருக்குமாக ஒரு சுண்டு அரிசி போட்டேன். ஐந்தேகாலுக்குச் சோற்றைப் பெரிய தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். இருபது நிமிடத்தில் கைபொறுக்க ஆறிவிட்டது. பிறகுதான் பெட்டி. இரவே உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைப் பெட்டியோடு ஒட்டவைத்து, இரண்டையும் ஒரு துவாயில் சுற்றினேன். சாப்பிடும் நேரத்தில் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் ஆயிற்று.

27 பெப்ரவரி 2024, இரவு 9.00

வாழையிலையில் கட்டினால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கட்டலாம், கட்டத்தான் வேண்டும் என்பேன். சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டை 2017 செப்டெம்பரில் வர்த்தமானி போட்டுத் தடை செய்தார்கள். அதன்பிறகும் அதிலே கட்டிய சோறு என் கைக்கு வந்திருக்கிறது என்பது வேறு கதை. சுடுசோற்றைப் பொலித்தீனில் சுற்றினால் வரும் அந்த வாசத்தைச் சோற்று வாசம் என்றே ஒரு தலைமுறை நம்பிவிட்டது.

இலையைப் பச்சையாக மடித்தால் நரம்போடு கிழியும். நடு ஈர்க்கின் தடிப்பைச் சீவிவிட்டு, தணலுக்கு மேலோ அடுப்புச் சுவாலைக்குச் சற்று மேலோ இலையை மெல்ல இழுத்தால், பச்சை நிறம் கறுத்துப் பளபளக்கும்; துணிபோல மடியும். சோற்றை நடுவில் வைத்து, பிரட்டலை ஒரு கரையில், சம்பலை மற்றக் கரையில் வைத்து, வெளியே ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்ற வேண்டும். அச்சுமை சோற்றில் படாமலிருக்க இலை இரண்டு மடிப்பாக இருப்பது நல்லது. இலைப் பொதியில் சோறு வியர்க்காது, ஆவி மெதுவாக வெளியேறிவிடும். மீன் பொரியலும் பருப்பும் இலையோடு சேர்ந்து ஒரு மணம் பிடிக்கும். அதைப் பிளாஸ்திக்குப் பெட்டியால் தரவே முடியாது.

குறை ஒன்று: பொதியை நெரிசலில் யாராவது சாய்ந்து நசுக்கினால் சோறு களியாகிவிடும். ஜன்னலோர இருக்கை கிடைக்கும் நாளுக்கு இலை, நின்று போகும் நாளுக்குப் பெட்டி. காலையில் எந்த நாள் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

15 மார்ச் 2024, இரவு 8.10

நோன்பு தொடங்கிவிட்டது. அலுவலகத்தில் எங்கள் பகுதியில் ஏழு பேரில் நான்கு பேர் சம்மாந்துறையும் கல்முனையும். அவர்கள் நோன்பிருக்க, பக்கத்து மேசையில் கருவாட்டுப் பொதியை அவிழ்ப்பது என்னால் முடியாது. யாரும் எதுவும் சொல்வதில்லை; ஆனால் கருவாடு எங்களைக் கேட்டா மணக்கிறது? இந்த மாதம் முழுதும் பின்பக்கச் சாமான் அறையில் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கக்கூடிய, மணமில்லாத சாப்பாடுதான்.

அவித்த கௌபியில் சிறிது உப்பும், தாளித்த வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்தால் போதும், தேங்காய்ப்பூ வேண்டாம். கடலையும் அப்படியே. இரவே ஊறப்போட்டால் காலையில் அரைமணித்தியால வேலை. மரவள்ளிக்கிழங்கு கிடைத்தால் அவித்து, கட்டைச் சம்பலோடு. ஒரு நாள் பாணும் சீனிச் சம்பலும். எண்ணெயில் வெங்காயத்தை ஈரம் போகுமட்டும் வதக்கி, புளியும் சீனியும் சேர்த்த சீனிச் சம்பல் போத்தலில் ஒரு கிழமை இருக்கும். உண்மையைச் சொன்னால், சோறில்லாத இந்த மாதத்தில்தான் பிற்பகல் இரண்டு மணித் தூக்கம் என்னைவிட்டுப் போயிருக்கிறது. ஆனாலும் மனம் சோற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

23 ஏப்ரல் 2024, இரவு 9.40

வருடப்பிறப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே என் ஆணமில்லாக் கொள்கை ஆட்டங்கண்டது.

உகனையிலிருந்து வருகிற சிங்கள நண்பர் ஒரு துண்டு மீன் தந்தார். கறுப்பாக, ஈரமில்லாமல், கல்லுப்போல் இருந்தது. வாயில் வைத்தால் புளிப்பும் மிளகும். அம்புல் தியல்: மீனைத் துண்டாக்கி, அரைத்த கொறக்காப் புளியும் மிளகும் உப்பும் பூசி, மண்சட்டியில் சிறிது தண்ணீர் விட்டு, அது வற்றி மீன் சட்டியில் ஒட்டத் தொடங்கும்வரை மெல்லிய நெருப்பில் வைப்பது. சனிக்கிழமை சமைத்ததாம், நாங்கள் சாப்பிட்டது செவ்வாய்க்கிழமை. கொறக்காவின் புளிப்பும் ஈரமின்மையும் சேர்ந்து காப்பாற்றுகின்றன.

ஆகவே மேலே நான் சொன்ன சட்டத்தை இப்படி மாற்றி எழுதுகிறேன்: விலக்க வேண்டியது ஈரம், புளிப்பு இருந்தால் கொஞ்சம் மன்னிக்கலாம். சூரையில் இரண்டு தரம் செய்து பார்த்தேன். முதல் தரம் பொறுமையில்லாமல் நெருப்பைக் கூட்டி அடிப்பிடிக்க வைத்தேன். இரண்டாம் தரம் சரியாக வந்தது. மனைவி அதிலிருந்து இரண்டு துண்டைத் தன் பெட்டிக்கு மாற்றிக்கொண்டதால் நல்லது என்றே கொள்கிறேன்.

தேங்காய்ப்பாலைப் பற்றிய என் முடிவில் மட்டும் மாற்றமில்லை. பூசணிக்காயை நான் மன்னிக்கவில்லை.

28 மே 2024, இரவு 8.45

வைகாசிச் சடங்கு. கண்ணகை அம்மன் கோயிற் கதவு திறந்ததிலிருந்து சடங்கின் முடிவான குளிர்த்தி முடியும்வரை வீட்டில் மீன் சட்டி கவிழ்ந்தே இருக்கும். ஆகவே ஒரு கிழமைக்கு மேலாக மரக்கறி. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

இந்த நாட்களில் என்னைக் காப்பாற்றுவது தயிர்ச் சோறு. எங்கள் எருமைத் தயிரைக் காலையிலேயே சோற்றில் பிசைந்தால் மதியத்தில் புளித்து, இறுகி, கரண்டியில் ஒட்டும். சோற்றை நன்றாகக் குழைய வைத்து, காய்ச்சி ஆறிய பால் விட்டு, ஒரேயொரு கரண்டி தயிர் சேர்த்துவிட்டால் பயணத்திலேயே உறைந்துவிடும். திறக்கும்போது அளவான புளிப்பு. இதற்கு உறைபோத்தல் வைக்கக் கூடாது, தயிர் பிடிக்காது. அதனால் எங்கள் பரிசோதகரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. மோர்மிளகாயைத் தனிப் பேணியில் கொண்டுபோக வேண்டும். சோற்றின்மேல் வைத்தால் தோல்போலாகிவிடும். பப்படத்துக்கும் அதே கதிதான்.

2022 இல் எரிவாயு இல்லாமல் விறகடுப்பில் நாலு மணிக்கு ஊதிக்கொண்டிருந்த வைகாசியும் நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் யூன் மாதத்தில் அரச உத்தியோகத்தர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்தார்கள். நான் நட்ட பொன்னாங்காணிதான் இன்றுவரை சுண்டலாகிறது. மற்றதெல்லாம் ஆட்டுக்குப் போனது.

18 யூன் 2024, காலை 6.50 (பஸ்ஸில்)

மேற்கிலிருந்து வெக்கையோடு வீசும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. போன கிழமை வேர்க்கடலை போட்டுத் தாளித்த புளிச்சோறு கொண்டுபோனேன். கச்சான் போட்ட சோறு கச்சானைத் தாங்கியது என்று சிங்கள நண்பருக்கு விளங்கவைக்க அரைமணித்தியாலம் சென்றது. அவருக்குக் கடலை தெரியும், காற்று தெரியும், இரண்டுக்கும் நாங்கள் ஏன் ஒரே பெயர் வைத்தோம் என்பதுதான் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

2 யூலை 2024, இரவு 9.30

ஏறக்குறைய ஐந்து மாதத்துக்கு முன் ஐந்து நாளுக்கு ஐந்து வகை என்று எழுதினேனே, அதை நானே இரண்டு கிழமைக்கு மேல் பின்பற்றவில்லை. நாலரைக்கு எழுந்து, ஒவ்வொரு நாளும் மூன்று கறி வைத்தால் வேலைக்குப் போகுமுன்பே ஆள் களைத்துவிடும். இப்போது செய்வது வேறு.

நோன்பு முடிந்து எல்லாரும் ஒரே மேசைக்குத் திரும்பியபோது, சம்மாந்துறைத் தோழர் ஒருவர் தன் மாசிச் சம்பலை நடுவில் வைத்தார். அடுத்த நாள் நான் நெத்தலியைக் கூடுதலாகப் பொரித்தேன். உகனை நண்பர் அம்புல் தியல். இப்படியே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வழக்கமாகிவிட்டது: சோறு அவரவர் பெட்டியில், கறி ஆளுக்கு ஒன்று, நான்கு பேருக்குப் போதுமான அளவில். நான் வைப்பது ஒரு கறி, சாப்பிடுவது நான்கு.

இதற்கும் எழுதாத ஒழுங்கு உண்டு. இறைச்சி நடு மேசைக்கு வருவதில்லை: மாட்டிறைச்சி எங்களில் சிலருக்கு ஆகாது, ஹலால் இல்லாத கோழி அவர்களுக்கு ஆகாது. மீனும் மரக்கறியும் எல்லாருக்கும் பொது. வெள்ளிக்கிழமை நான் மீன் தொடமாட்டேன் என்பது தெரிந்து, அன்று அவர்கள் கொண்டுவருவதில் ஒன்றாவது மரக்கறியாக இருக்கும். ஜும்ஆவுக்குப் போய்வருகிறவர்களுக்காக நாங்கள் பங்கை மூடி வைத்திருப்போம். அந்த அரைமணித்தியாலம் கச்சான் காற்றில் வெளியே இருக்கக் கூடாது என்பதால், என் உறைந்த தண்ணீர்ப் போத்தல் இப்போது பொதுச்சொத்து.

தங்கச்சி, உங்கள் அலுவலகத்தில் வீட்டிலிருந்து பெட்டி கொண்டுவருகிற இன்னும் இரண்டு பேரைப் பாருங்கள். பருப்பையே கொண்டுபோங்கள், ஆனால் மூன்று பேருக்குக் கொண்டுபோங்கள்.

3 யூலை 2024, காலை 5.35

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தண்ணீர் வற்றிய பருப்பாக இருக்க வேண்டும்.